படத்தில் ஒன்றும் ஒளிரவில்லையா? எஃப்எம்ஆர்ஐ சோதனை வடிவமைப்பில் அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழிமுறை

எஃப்எம்ஆர்ஐ (வேலை செய்யும் மூளையைப் படம்பிடிக்கும் முறை) ஸ்கேன் எல்லாம் முடித்து, ப்ரீப்ராசஸிங் (படங்களைச் சீராக்கும் வேலை) ஓடி முடியும்வரை காத்திருந்து, ஆசையாகக் கான்ட்ராஸ்ட் படத்தை (இரண்டு சோதனை நிலைகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் காட்டும் மூளைப் படத்தை) திறந்தால் மூளை முழுக்க ஒரே சாம்பல் நிறம். இந்த நிலையில் வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "த்ரெஷோல்டைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாமா?" என்பதுதான், அதாவது எந்த மதிப்புக்கு மேல் ஒளிரச் செய்வது என்ற எல்லையை. நான் திருப்பிக் கேட்பது வேறு: "ட்ரயல்கள் எந்த வரிசையில், எத்தனை வினாடி இடைவெளியில் வந்தன? அந்த டைமிங் ஃபைலைக் காட்டுங்கள்." ட்ரயல் என்பது ஆளுக்கு ஒரு தடவை ஒன்றைக் காட்டுவது அல்லது கேட்பது. பல தடவை கோளாறு அந்த ஃபைலிலேயே இருக்கும். முதல் ஆள் ஸ்கேனருக்குள் போய்ப் படுப்பதற்கு முன்பே தோல்வி முடிவாகியிருக்கும்.

கீழே உள்ளவை நான் அடிக்கடி பார்க்கும் அறிகுறிகள். உங்கள் அறிகுறிக்கு நேராகத் தாவலாம். ஆனால் அடிப்படை பற்றிய அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

எதையும் தொடும் முன்

எஃப்எம்ஆர்ஐ நேரடியாக நரம்பணுக்களை அளப்பதில்லை. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் அளவு மாறும்போது காந்தப்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை, அதாவது போல்ட் சிக்னலை, அளக்கிறது. செய்ஜி ஒகாவாவின் குழு 1990-ல் எலி மூளையில் காட்டியது இதைத்தான். 1992-ல் மனித மூளையிலும் பார்த்துவிட்டார்கள். ஒரு படத்தை அரை வினாடி காட்டினால் இந்தச் சிக்னல் உடனே எழும்பாது. மெல்ல ஏறி, 5 அல்லது 6 வினாடியில் உச்சத்தைத் தொட்டு, இறங்கி, அடிக்கோட்டுக்குக் கீழே சற்றுத் தாழ்ந்து, முழுக்க அடங்க 20 முதல் 30 வினாடி எடுத்துக்கொள்ளும். இந்த வளைவைத்தான் எச்ஆர்எஃப் என்கிறோம். கோயில் மணியை ஒரு முறை அடித்தால் ரீங்காரம் அடங்க நேரமாகிறதே, அப்படி. அடங்குவதற்குள் மறுபடி அடித்தால் இரண்டு ஓசையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கேட்கும். நல்ல காலமாக, இந்த ரீங்காரங்கள் ஏறக்குறைய நேர்க்கூட்டலாகவே சேர்கின்றன. பாய்ன்டனும் கூட்டாளிகளும் 1996-ல் பார்வைப் புறணியில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே டேலும் பக்னரும், 2 வினாடிக்கு ஒரு ட்ரயல் வந்தால்கூடக் கணக்குப் போட்டுப் பிரித்துவிடலாம் என்று காட்டினார்கள்.

எச்ஆர்எஃப் வேகமான மாற்றங்களை மழுங்கடித்துவிடுகிறது. அது ஒரு சல்லடை. இன்னொரு சல்லடை நாம் வைப்பது. ஸ்கேனரின் மெதுவான தடுமாற்றம், மூச்சு, இதயத்துடிப்பு எல்லாம் சேர்ந்து தாழ்ந்த அதிர்வெண்களில் இரைச்சலைக் கொட்டுகின்றன. அதை வெட்ட ஹை-பாஸ் ஃபில்டர் போடுகிறோம். எஸ்பிஎம் என்ற பகுப்பாய்வு மென்பொருளில் அதன் இயல்பு மதிப்பு 128 வினாடி, எஃப்எஸ்எல் என்ற இன்னொன்றில் 100 வினாடி; அதைவிட நீண்ட சுற்றுகள் வெட்டுப்படும். ஆக, மிக வேகமான மாற்றமும் போய்விடும், மிக மெதுவான மாற்றமும் போய்விடும். நடுவில் நன்றாகத் தப்பிப் பிழைப்பது, சுமார் 30 வினாடிக்கு ஒரு சுற்று வருகிற மாற்றம். 16 வினாடி வேலை, 16 வினாடி ஓய்வு என்ற பழைய பிளாக் டிசைன் இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இதுதான், வெறும் வழக்கம் இல்லை.

அப்புறம் 'திறன்' என்ற சொல். டிசைன் மேட்ரிக்ஸை (ஒவ்வொரு நிலைக்கும் எதிர்பார்க்கும் சிக்னலை ஒரு நிரலாக வைத்த அட்டவணை; அந்த நிரல்தான் ரெக்ரசர்) அதன் இடமாற்று அணியோடு பெருக்கி, நேர்மாறு எடுத்து, இருபுறமும் கான்ட்ராஸ்ட்டை (எதிலிருந்து எதைக் கழிப்பது என்ற எடைகளை) வைத்துப் பெருக்கினால் ஒரு எண் வரும். இரைச்சல் அளவு நீங்கலாக, உங்கள் மதிப்பீட்டின் வேரியன்ஸ், அதாவது சிதறல், அது. அதன் தலைகீழிதான் திறன். இந்தச் சூத்திரத்தில் டேட்டா எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். டைமிங்கும் மாதிரியும் (மாடல்) கேள்வியும் தெரிந்தால் போதும். ஒரு பைசா ஸ்கேன் செலவு இல்லாமல் மடிக்கணினியிலேயே கணக்கிட்டுவிடலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: கான்ட்ராஸ்ட் உள்ளே இருக்கிறது. 'இது திறனான டிசைனா?' என்று பொதுவாகக் கேட்டால் பதிலே கிடையாது. எந்தக் கேள்விக்கு என்று சொன்னால்தான் எண் வரும்.

அறிகுறி: பார்வைப் புறணி பளிச்சென்று தெரிகிறது, ஆனால் முகம் கழித்தல் கட்டடம் காலி

உதாரணத்துக்கு, முகப் படங்களையும் கட்டடப் படங்களையும் காட்டி இரண்டு நிலைகளையும் ஒப்பிடும் சோதனை. பார்வைப் புறணி ஒளிர்ந்துவிட்டது என்றால் ஸ்கேனர், ட்ரிகர் (ஸ்கேன் தொடங்கியதைக் கணினிக்குச் சொல்லும் சிக்னல்), டைமிங் ஃபைல் எல்லாம் பெரும்பாலும் சரி. இரண்டு நிலைகளும் எப்படி மாறி மாறி வந்தன என்பதில்தான் சந்தேகம் விழ வேண்டும்.

முதலில் வரிசையைப் பாருங்கள். 4 வினாடிக்கு ஒரு ட்ரயல், முகம், கட்டடம், முகம், கட்டடம் என்று வந்திருந்தால், நீங்கள் தேடும் வேறுபாடு 8 வினாடிக்கு ஒரு சுற்று சுழல்கிறது. எச்ஆர்எஃப் அதன் பெரும்பகுதியை மழுக்கிவிடும். அதே படங்கள், அதே 4 வினாடி, ஆனால் நான்கு முகம், நான்கு கட்டடம் என்று அடுக்கியிருந்தால் சுற்று 32 வினாடியாகியிருக்கும். அதே ஸ்கேன் நேரத்தில் கதையே வேறு. "மாறி மாறி வைத்தால்தானே நியாயமாக இருக்கும் என்று நினைத்தேன்" என்பார்கள். நடத்தைச் சோதனையில் அது நியாயம்தான். இங்கே தேடுகிற பொருளை நாமே புதைத்த மாதிரி.

வரிசை சரியாக இருந்தால், எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். சுற்று மிக நீளமா? 64 வினாடி முகம், 64 வினாடி கட்டடம் என்று வைத்தால் சுற்று 128 வினாடி. ஃபில்டரின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. இது கண்ணுக்குத் தெரிகிற தப்பு. தெரியாத தப்பு ஒன்று உண்டு, அதில் நானே விழுந்திருக்கிறேன். மூன்று நிலைகள், ஒவ்வொன்றும் 30 வினாடி, இடையில் 30 வினாடி ஓய்வு, எப்போதும் அதே வரிசை. பிளாக் 30 வினாடிதானே, பாதுகாப்பு என்று நினைத்தேன். ஓய்வோடு ஒப்பிட்டால் சுற்று 60 வினாடி, அது அழகாக வந்தது. ஆனால் முதல் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் உள்ள வேறுபாடு 180 வினாடிக்கு ஒரு முறைதான் திரும்பி வருகிறது. 128 வினாடி ஃபில்டர் அதில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. கோரெஜிஸ்ட்ரேஷனில் (மூளைப் படங்களை ஒன்றோடொன்று பொருத்துவதில்) கோளாறு என்று நினைத்து மூன்று வாரம் அங்கேயே தோண்டிக்கொண்டிருந்தேன்.

எப்படிச் சரிசெய்வது? இன்னும் ஸ்கேன் செய்யவில்லை என்றால் பிளாக்குகளின் வரிசையைக் கலைத்துப் போடுங்கள், ஓய்வுகளைக் குறையுங்கள், ஒப்பிட விரும்பும் இரண்டு நிலைகளையும் அருகருகே கொண்டுவாருங்கள். நிகழ்வு வாரியான டிசைன்தான் (ட்ரயல்கள் பிளாக்காகச் சேராமல் தனித்தனியாக வருவது) வேண்டும் என்றால் வரிசையை ரேண்டமாக்கி, 3 அல்லது 4 வினாடி இடைவெளியில் ஓட்டுங்கள். ரேண்டம் வரிசையில் இடைவெளி குறையக் குறைய வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் திறன் கூடும். பலருக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும், கணக்கிட்டுப் பாருங்கள். ஆனால் 2 வினாடிக்குக் கீழே போகாதீர்கள். அங்கே ரீங்காரங்கள் நேர்க்கூட்டலாகச் சேர்வது நின்று, இரண்டாவது எதிர்வினை சுருங்கத் தொடங்கும். காகிதத்தில் மட்டும் திறன் ஏறிக்கொண்டே போகும்.

டேட்டா கையில் இருக்கிறது, இனி மாற்ற முடியாது என்றால் ஃபில்டரின் எல்லையை உங்கள் சுற்றுக்கு மேலே தள்ளலாம். இரைச்சலும் கூடவே உள்ளே வரும், அதற்குத் தயாராக இருங்கள். முடிவைப் பார்த்துப் பார்த்து எல்லையை நகர்த்தும் வேலை மட்டும் வேண்டாம்.

அறிகுறி: முகம் கழித்தல் கட்டடம் அருமை, முகம் மட்டும் என்று கேட்டால் பீட்டா தறிகெட்டு ஆடுகிறது

பீட்டா என்பது ஒரு ரெக்ரசருக்கு மாதிரி மதிப்பிடும் எதிர்வினை அளவு. இங்கே டிசைன் கெட்டுப்போகவில்லை. அது பதில் சொல்லத் தயாராகாத கேள்வியைக் கேட்கிறீர்கள்.

இடைவெளி விடாமல் 3 வினாடிக்கு ஒரு ட்ரயல், முகம் அல்லது கட்டடம், நடுவில் எதுவும் இல்லை. முகம் வராத இடத்தில் எல்லாம் கட்டடம் இருக்கிறது. ஒரு ரெக்ரசர் ஏறும்போது மற்றது இறங்குகிறது; இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட நேர்கோடு. அந்த நேர்கோட்டை, மாதிரியில் ஏற்கெனவே இருக்கும் நிலையெண்ணிலிருந்து (மாறாத அடிக்கோட்டிலிருந்து) பிரித்தறிய வழியே இல்லை.

இதை எண்ணில் பார்த்துவிடுவது நல்லது, அடுத்த அறிகுறிக்கும் இதே எண்கள்தான். ஒரே அளவு வேரியன்ஸ் உள்ள இரண்டு ரெக்ரசர்கள், அவற்றின் ஒட்டுறவு 0 என்றால், பீட்டாக்களின் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் மதிப்பீட்டு வேரியன்ஸ் 2, 2. சமம். ஒட்டுறவு −0.9 ஆனால் கழித்தலுக்கு 1.05, கூட்டலுக்கு 20. அதாவது 'முகத்துக்கும் கட்டடத்துக்கும் என்ன வேறுபாடு' என்ற கேள்விக்கு இந்த டிசைன் முன்பைவிட நல்லது. 'படம் பார்த்தால் என்ன ஆகிறது' என்ற கேள்விக்குப் பத்து மடங்கு மோசம். டிசைன் ஒன்றுதான், கேள்விதான் மாறியது.

தீர்வு வெற்று ட்ரயல்கள். அடுத்த படம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வராமல் நடுப்புள்ளி மட்டும் நிற்கட்டும். இரண்டு நிலைகள் என்றால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வெற்றாக இருப்பது நல்ல தொடக்கம். இதற்கு ஒரு விலை உண்டு: 10 நிமிட ரன்னில் (நிறுத்தாமல் ஓடும் ஒரு ஸ்கேன் பகுதி) 3 வினாடிக்கு ஒன்று என 200 இடங்கள், மூன்றில் ஒரு பங்கு வெற்றானால் முகத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து சுமார் 133 தான் மிஞ்சும். கழித்தல் கேள்விக்கு அது நஷ்டம். அடிக்கோட்டோடு ஒப்பிடுவது உங்களுக்கு உண்மையிலேயே தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று சேர்க்கும் கான்ட்ராஸ்ட் ஒவ்வொன்றும் முக்கியமான கான்ட்ராஸ்ட்டின் சட்டைப்பையிலிருந்துதான் பணம் எடுக்கிறது.

வெற்று ட்ரயலே வேண்டாம், நிலையான இடைவெளிதான் என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். அப்படியானால் அடிக்கோட்டுக் கேள்விக்கு இடைவெளி 16 முதல் 20 வினாடி வரை தேவைப்படும். 18 வினாடிக்கு ஒன்று என்றால் அதே 10 நிமிடத்தில் 33 ட்ரயல். உள்ளே படுத்திருப்பவர் தூங்கிவிடுவார்.

அறிகுறி: குறிப்புக்கும் இலக்குக்கும் ஒரே படம், அல்லது ஒன்று சிவப்பு, மற்றது அதே இடத்தில் நீலம்

அம்புக்குறி காட்டி, 2 வினாடி கழித்து இலக்கு காட்டும் கவனச் சோதனைகள், நினைவில் வைத்துக்கொண்டு பதில் சொல்லும் சோதனைகள், பரிசு எதிர்பார்ப்புச் சோதனைகள் எல்லாம் இந்த வியாதிக்குப் பேர்போனவை. ஒவ்வொரு குறிப்புக்குப் பின்னும் தவறாமல் 2 வினாடியில் இலக்கு. எச்ஆர்எஃப் வழியாகப் போனபின் இரண்டு ரெக்ரசர்களும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

ஒரு மாணவியின் டிசைன் மேட்ரிக்ஸை இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குறிப்பின் ரெக்ரசரையும் இலக்கின் ரெக்ரசரையும் ஒரே வரைபடத்தில் போட்டோம்: இரண்டு மலைத்தொடர்கள், ஒன்று சற்றே வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒட்டுறவு 0.9-ஐ ஒட்டி வந்தது. மேலே பார்த்த கணக்கு இப்போது தலைகீழாகத் திரும்புகிறது: கூட்டலுக்கு 1.05, கழித்தலுக்கு 20. குறிப்பு மட்டும் என்று தனியாகக் கேட்டால், ஒட்டுறவே இல்லாத நிலையோடு ஒப்பிட வேரியன்ஸ் 5.3 மடங்கு. அதை ட்ரயல்களால் ஈடுகட்ட வேண்டுமானால் ஐந்து மடங்குக்கு மேல் ட்ரயல்கள் வேண்டும். அவர் தேடியதோ சரியாகக் குறிப்பு கழித்தல் இலக்கு.

ஒரு வோக்ஸலில் (மூளைப் படத்தின் ஒரு சிறு கனப்புள்ளியில்) இரைச்சல் தற்செயலாகக் குறிப்பின் பீட்டாவை மேலே தள்ளினால், இலக்கின் பீட்டா அதே அளவு கீழே போய் ஈடுகட்டும். அதனால்தான் ஒரே இடத்தில் சிவப்பும் (ஏற்றம்) நீலமும் (இறக்கம்). மாணவி அதற்கு ஒரு கோட்பாட்டு விளக்கம்கூட எழுதி வைத்திருந்தார். அழகான விளக்கம், பாவம்.

இதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, இடைவெளியை விரிவாக ஜிட்டர் செய்வது: சில தடவை 2 வினாடி, சில தடவை 5, அபூர்வமாக 8 அல்லது 9. குறுகிய இடைவெளிகள் அதிகமாகவும் நீண்டவை குறைவாகவும் இருக்கும்படி வையுங்கள். மொத்த நேரமும் மிச்சமாகும், இலக்கு எப்போது வரும் என்று உள்ளே இருப்பவராலும் எளிதில் கணிக்க முடியாது. 2-க்கும் 2.5-க்கும் இடையே ஆட்டிவிட்டு 'ஜிட்டர் செய்துவிட்டேன்' என்று சொல்வதில் பயன் இல்லை. எச்ஆர்எஃப்பின் அகலத்துக்கு முன் அரை வினாடி ஒன்றுமே இல்லை. இன்னொன்று, பாதி ட்ரயல் உத்தி. சில குறிப்புகளுக்குப் பின் இலக்கே வராமல் விட்டுவிடுவது. ஆலிங்கர், ஷுல்மன், கார்பெட்டா மூவரும் 2001-ல் இதை முறைப்படுத்தினார்கள். நாலில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று போதும். அதற்கு மேல் போனால் 'எப்படியும் வராது' என்று பங்கேற்பவர் அசட்டையாகிவிடுவார். நீங்கள் அளக்க வந்த எதிர்பார்ப்பே கரைந்துவிடும். இலக்கு வராமல்போன ஏமாற்றமே ஒரு தனி எதிர்வினையை எழுப்பக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பணி அனுமதித்தால் நான் முதல் வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஏற்கெனவே டேட்டா எடுத்தாகிவிட்டது என்றால்? குறிப்பையும் இலக்கையும் ஒரே நிகழ்வாக மாதிரியில் வைத்து, ட்ரயல் வகைகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் கேளுங்கள். கட்டுரையிலும் அப்படியே எழுதுங்கள். ஒன்றை மற்றதிலிருந்து ஆர்த்தோகனலைஸ் செய்தால் (மற்றதோடு பகிர்ந்த பகுதியை அதிலிருந்து நீக்கினால்) தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பகிர்ந்த வேரியன்ஸ் யாருக்கு என்ற வழக்கில் ஒரு தரப்புக்கு நீங்களே தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: எதிர்வினையின் வடிவமே கேட்கிறேன், வருவது மேடுபள்ளம்

எச்ஆர்எஃப்பை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளாமல், எஃப்ஐஆர் மாதிரியால் வடிவத்தையே மதிப்பிட முயலும்போது வரும் சிக்கல் இது. இரண்டு இடங்களைப் பாருங்கள்.

டிஆர்-உம் (ஒரு முழு மூளைப் படம் எடுக்க ஆகும் நேரம்) ட்ரயல் இடைவெளியும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருக்கின்றனவா? டிஆர் 2 வினாடி, ட்ரயல் 6 வினாடிக்கு ஒன்று என்றால், ஒவ்வொரு ட்ரயலிலும் 0, 2, 4 என்ற அதே நொடிகளில்தான் அளவெடுக்கிறீர்கள். இடைப்பட்ட நொடிகள் என்றைக்கும் தெரியாது. அதையே 5 வினாடி ஆக்கினால் ஒரு ட்ரயலில் இரட்டை நொடிகள், அடுத்ததில் ஒற்றை நொடிகள். ஸ்கேனரை மாற்றாமலே 1 வினாடி நுணுக்கம் கிடைத்துவிட்டது.

அப்புறம், பிளாக் டிசைனில் எஃப்ஐஆர் போடுகிறீர்களா? பிளாக் என்பது கண்டுபிடிக்க நல்லது, வடிவம் அறிய மோசம். ட்ரயல்கள் ஒன்றன்மேல் ஒன்று எப்போதும் ஒரே விதமாக ஏறுவதால் வடிவத்தைப் பிரிக்க முடியாது. லியு, ஃபிராங்க், வாங், பக்ஸ்டன் நால்வரும் 2001-ல் இந்தப் பேரத்தைத் தெளிவாகக் காட்டினார்கள்: கண்டுபிடிக்கும் திறன் உச்சத்தில் இருந்தால் வடிவத்தை மதிப்பிடும் திறன் அடியில் இருக்கும், மறுபக்கமும் அப்படியே. வடிவம்தான் வேண்டும் என்றால் எம்-சீக்வன்ஸ் (கணித விதிப்படி உருவாக்கும், ரேண்டம் போலத் தோன்றும்) வரிசைகளைப் பாருங்கள். புராகாஸும் பாய்ன்டனும் 2002-ல் காட்டியபடி அவை அந்த வேலைக்கென்றே பிறந்தவை. இரண்டும் ஓரளவுக்கு வேண்டும் என்றால் பிளாக்கும் ரேண்டமும் கலந்த வரிசை.

அறிகுறி: ஒரே கோட், ஒருவருக்கு அழகாக வருகிறது, அடுத்தவருக்கு வரவேயில்லை

ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் கணினி புதிதாக ரேண்டம் வரிசை உருவாக்குகிறதா? அப்படியானால் எல்லாருடைய டைமிங் ஃபைலையும் எடுத்து, முக்கிய கான்ட்ராஸ்ட்டுக்கான திறனைத் தனித்தனியாகக் கணக்கிட்டு வரிசைப்படுத்துங்கள். ரேண்டம் வரிசைகளில் நல்ல வரிசையும் உண்டு, உதவாக்கரை வரிசையும் உண்டு. சீட்டுக் குலுக்கலில் மோசமான கை விழுந்தவருக்குப் பாதி சக்திகூட இல்லாமல் போகலாம்.

தீர்வு எளிது. முன்கூட்டியே 10,000 வரிசைகளை உருவாக்குங்கள், திறனைக் கணக்கிடுங்கள், மேலே வருவதில் ஆளுக்கு ஒன்றாக எடுத்துவையுங்கள். ஒரே சிறந்த வரிசையை எல்லாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அந்த வரிசைக்கே உரிய கோணல்கள் எல்லார் டேட்டாவிலும் ஒன்றுபோலப் படிந்துவிடும். இன்னும் கச்சிதமாகத் தேட வேண்டும் என்றால், வேகரும் நிக்கல்ஸும் 2003-ல் முன்வைத்த ஜெனடிக் அல்காரிதம் (நல்ல வரிசைகளைக் கலந்து கலந்து மேம்படுத்தும் தேடல்) முறை இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: கண்டுபிடிக்கும் திறனை மட்டும் இலக்காகக் கொடுத்து அல்காரிதத்தை அதன் போக்கில் விட்டால், அது நேரே போய் பிளாக் டிசைனில்தான் நிற்கும். ஒரே வகை இத்தனை தடவைக்கு மேல் தொடரக் கூடாது, அடுத்தது எது என்று எளிதில் கணிக்கக் கூடாது போன்ற நிபந்தனைகளையும் சேர்த்தே கொடுங்கள்.

அறிகுறி: தனி ஆளில் தெரிகிறது, குழுவில் காணோம்

இங்கே டைமிங்கை நோண்டுவதில் பெரிய லாபம் இல்லை. குழு மதிப்பீட்டின் வேரியன்ஸில் இரண்டு பங்கு: ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு, ஒவ்வொரு ஆளுக்குள்ளும் உள்ள அளவீட்டு இரைச்சல். இரண்டும் தலா 1 என்று வைத்துக்கொள்வோம், பேச்சுக்கு. 20 பேர் என்றால் (1+1)/20, அதாவது 0.1. ஒவ்வொருவரையும் இரட்டிப்பு நேரம் ஸ்கேன் செய்தால் (1+0.5)/20 = 0.075. அதே கூடுதல் நேரத்தில் இன்னும் 20 பேரைச் சேர்த்தால் 2/40 = 0.05. ஆளுக்குள் எவ்வளவுதான் திறனைப் பெருக்கினாலும் முதல் 1 அசையாது. நல்ல டிசைன் இரண்டாவது பங்கை மட்டுமே குறைக்கும்.

இரண்டாவது பங்கு மிகப் பெரிதாக இருந்தால், உதாரணமாக ஆளுக்கு 12 ட்ரயல் மட்டுமே கிடைக்கும் அபூர்வ நிகழ்வு என்றால், கணக்கு மாறும். பைலட் டேட்டாவில் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சின்னச் சின்னக் கோளாறுகள்

பாராமெட்ரிக் மாடுலேட்டர்களின் (ட்ரயலுக்கு ட்ரயல் மாறும் ஓர் அளவை, உதாரணமாக விலையை, மாதிரியில் வைக்கும் ரெக்ரசர்களின்) வரிசையை மாற்றினால் முடிவும் மாறுகிறதா? எஸ்பிஎம் இயல்பாகவே இரண்டாவதை முதலாவதிலிருந்து ஆர்த்தோகனலைஸ் செய்கிறது. அந்த விருப்பத்தை அணைத்துவிடுங்கள். அணைத்தபின் இரண்டுமே மறைந்துவிட்டால், தூண்டல்களைத் தேர்ந்தெடுத்தபோதே அவை ஒட்டிப் பிறந்தவை என்று பொருள்; விலையும் விருப்பமும் சேர்ந்தே ஏறும் பொருட்களை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

கடினமான நிலையில் எல்லா இடமும் ஒளிர்கிறதா? பதில் நேரத்தைப் பாருங்கள். ஒன்றில் 600 மில்லிவினாடி, மற்றதில் 1,200 என்றால், நீங்கள் பார்ப்பது வெறும் வேலை நேரமாக இருக்கலாம். ட்ரயலின் நீளத்தைப் பதில் நேரத்தின்படி மாதிரியில் வையுங்கள்.

மோஷன் ரெக்ரசர்களை (தலை அசைவைக் கணக்கில் எடுப்பவை) சேர்த்ததும் விளைவு மாயமாகிறதா? பங்கேற்பவர் ஒரு நிலையில் மட்டும் தலையை அசைக்கிறார், அநேகமாகப் பேசியோ பொத்தானை அழுத்தியோ. பேச்சுப் பணிகளில் பிளாக்கைவிடக் குறுகிய நிகழ்வுகள் நல்லது. அசைவு உடனே வந்து போய்விடும், போல்ட் தாமதமாக வரும், இரண்டையும் பிரிக்கலாம்.

அறிகுறி: டிகோடிங் 90 சதவீதம், நம்பவே முடியவில்லை

டிகோடிங் என்பது மூளைச் சிக்னலைக் கொண்டே எந்த நிலை காட்டப்பட்டது என்று ஒரு கணினி நிரல் கணிப்பது. 90 சதவீதத்தை நம்பாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது: பயிற்சி ட்ரயல்களும் சோதனை ட்ரயல்களும் ஒரே ரன்னிலிருந்து வந்தனவா? அடுத்தடுத்த ட்ரயல்களின் மதிப்பீடுகள் எச்ஆர்எஃப் ஏறிக்கொள்வதாலேயே ஒட்டுறவு கொண்டவை. ஒரே வகை ட்ரயல்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்திருந்தால், கணிக்கும் நிரல் மூளையைப் படிக்கவில்லை, நேரத்தைப் படிக்கிறது. ஒரு முழு ரன்னை ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள். எல்லா ரன்னிலும் முதல் பாதி ஒரு நிலை, அடுத்த பாதி மற்ற நிலை என்று இருந்தால் அதுவும் காப்பாற்றாது. ஸ்கேனரின் தடுமாற்றமே விடை சொல்லிக்கொடுத்துவிடும். ரன்னுக்கு ரன் வரிசையை மாற்றுவதும், ஒவ்வொரு ரன்னிலும் எல்லா நிலைகளும் சம எண்ணிக்கையில் இருப்பதும் இங்கே கட்டாயம். நீண்ட இரண்டு ரன்களைவிடக் குறுகிய ஆறு ரன்கள் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இன்னொரு சோதனை: லேபிள்களைக் கலைத்துவிட்டு அதே பகுப்பாய்வை மறுபடி ஓட்டுங்கள். ரன்னுக்குள்ளேயே கலையுங்கள். இரண்டு நிலைகளுக்கு 50 சதவீதத்தைச் சுற்றி வராமல் வேறு எங்காவது நின்றால் கசிவு இருக்கிறது.

அறிகுறி: எல்லாம் சரி, இன்னும் காலி

மேலே உள்ள எதுவும் பொருந்தவில்லை என்றால் இரண்டு வேலைகள் மிச்சம். முதல் வேலை, செயற்கை டேட்டா (சிமுலேஷன்). உங்கள் உண்மையான டைமிங் ஃபைலை எடுத்து, எதிர்பார்க்கும் அளவில் விளைவை வைத்து (அறிவாற்றல் பணிகளில் அரை சதவீத மாற்றம் என்று தொடங்கலாம்), பைலட்டிலிருந்து எடுத்த இரைச்சலைச் சேர்த்து, ஆயிரம் தடவை ஓட்டுங்கள். நீங்களே வைத்த விளைவை எத்தனை தடவை திரும்பக் கண்டுபிடிக்கிறீர்கள்? ஆயிரத்தில் 300 தடவைதான் என்றால், மூளையில் விளைவு இருந்தும் உங்கள் கண்ணில் படாமல் போக வாய்ப்பு மிக அதிகம். திறன் எண்ணுக்கு அலகு கிடையாது. கான்ட்ராஸ்ட்டை இரண்டால் பெருக்கினாலே அது நாலில் ஒன்றாகிவிடும். அதனால் வடிவமைப்புகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிடத்தான் அது உதவும். போதுமா போதாதா என்று சொல்ல இந்தச் செயற்கை டேட்டாதான் வேண்டும்.

இரண்டாவது வேலைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும், ஆனால் பலர் செய்வதில்லை. ஒருவருடைய சராசரி எக்கோ பிளானர் படத்தை (எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் நேரடியாகத் தரும் படம்) திறந்து, நீங்கள் தேடும் இடத்துக்கு நேரே போங்கள். ஆர்பிடோஃப்ரன்டல் புறணி, அமிக்டலா, டெம்போரல் மடலின் முன்முனை என்றால் முக்கியமாக. காற்று நிறைந்த சைனஸுக்கும் காதுக்குழிக்கும் அருகில் காந்தப்புலம் கோணிப்போவதால் அங்கே சிக்னலே விழுந்திருக்கலாம். படத்தில் அந்த இடம் கறுப்பாக இருந்தால் ட்ரயல் வரிசையை மூடிவைத்துவிட்டு, ஸ்லைஸ் சாய்வையும் எக்கோ டைமையும் பற்றி எம்ஆர் இயற்பியலாளரிடம் பேசுங்கள்.